கோணல் மரமும் கடைசற் கிண்ணமும்

சதிபட்டான சூத்திரத்தில், மூச்சைக் கவனிக்கும் பிக்ஷுவுக்குப் பகவான் கடைசற்காரனை உவமையாகக் காட்டுகிறார். கயிற்றை நீள இழுக்கும்போதும் குறுக இழுக்கும்போதும் தன் கை செய்வதை அவன் அறிந்தே செய்கிறான் என்பது அதன் கருத்து. உவமையைப் படித்து மேலே செல்லும் நாம், அத்தொழிலை அருகிருந்து பார்ப்பது அரிது. பெங்களூரிலிருந்து மைசூர்ச் சாலையில் சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் சென்னபட்டணம். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் கட்டையின்மேல் அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வின் சூட்டால் அரக்கு உருகிப் படியும். பின்பு தாழை ஓலையால் மெருகிடுவர். வண்ணம் சமமாய்ப் படிய வேண்டியிருத்தலின், இவ்வேலைக்குக் கணுவும் வெடிப்பும் இல்லாத கட்டையே ஏற்றது. கோணல் மரம் அடுப்புக்குப் போகிறது. நமது விசாரம் அந்த மரத்தைப் பற்றியதேயாம்.

சித்திரை வைகாசி மழைக் காற்றில் இந்நகரத்துச் சாலைகளில் தூங்குமூஞ்சி மரங்கள் சாய்வதை ஜோகுபாளையத்து அன்பர்கள் அறிவார்கள். அமெரிக்க வெப்ப நாடுகளின் மரமாகிய அது, 1847-இல் ஹவாய்த் தீவுகளுக்கும் சென்றது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தீவினர் அதைக் கிண்ணங்களாகக் கடைந்து ஏராளமாய் விற்றனர். காய்கையில் மிகக் குறைவாகவே சுருங்குவதால், அதைப் பச்சையாகவே கடையலாம் என்பது அதன் தனிச் சிறப்பு.

குறையென்று நாம் ஒதுக்குமிடத்திலேதான் அழகு மிகுதி. கிளை பிரியும் கவையில் இழைகள் பின்னி இறகுபோல் விரிகின்றன. அடிமரத்து முண்டில் அவை சுழிசுழியாய் ஓடுகின்றன. உளுக்கத் தொடங்கிய மரத்தில் காணும் கருங்கோடுகளோ, வெவ்வேறு பூஞ்சைக் கூட்டங்கள் தமக்கிடையே எழுப்பிக்கொண்ட எல்லைச் சுவர்கள். இத்தகைய மரத்துக்கு அமெரிக்காவில் மதிப்புத் தேடித் தந்தவர்கள் மெல் லிண்ட்குவிஸ்ட், மார்க் லிண்ட்குவிஸ்ட் என்ற தந்தையும் மகனும். அவர்களுக்கு முன்னவரான பாப் ஸ்டாக்ஸ்டேல், அப்போரில் ஆயுதமேந்த மறுத்து, அதற்காக அனுப்பப்பட்ட முகாமிலே கிண்ணம் கடையத் தொடங்கியவர். நம் அன்பர்கள் இதனை அறிவது நன்று.

இனிச் செய்முறை. விழுந்த சில நாட்களுக்குள் மரத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, நடுமையத்தை நீக்கிவிட வேண்டும். வெடிப்புகள் பெரும்பாலும் அங்கிருந்தே புறப்படுகின்றன. உடனே கடைய இயலாவிடில் வெட்டுமுனைகளுக்கு மெழுகு பூசுக. பிற மரங்களாயின் முதலில் தடிப்பாகக் கடைதல் வேண்டும்: 10 அங்குல அகலத்துக்கு 1 அங்குலச் சுவர். அதனைக் காகிதப் பையில் தன் சீவலோடே வைத்து, சில மாதங்கள் நிழலில் ஆறவிட்டால் வட்டம் சற்றே முட்டை வடிவாகும். அப்பொழுது மறுபடி ஏற்றி முடிக்கலாம். இக்காத்திருப்பைச் சுருக்க முயல்வோர்க்கு வெடித்த ஓடுகளே மிஞ்சும்.

எல்லாக் குறையையும் போற்றலாகாது. விளிம்பிலிருந்து அடிவரை ஓடும் பிளவும், நகம் அழுந்துமளவு உளுத்த மரமும் விலக்கத்தக்கன. சுழலும்போது துண்டு பறந்தால் கண் போகும். ஆதலின் முதலில் மெதுவாகச் சுழற்றுக, நேரெதிரே நில்லாது விலகி நிற்க, முகமூடி அணிக. உளுத்த மரத்தூள் மார்புக்குத் தீங்கு, மூக்கையும் மூடுக.

இதனைப் பிக்ஷுக்களுக்குப் பாத்திரமாகத் தானம் செய்யலாமோ எனின், ஆகாது. இராஜகிருகத்துச் செட்டி உயரே தொங்கவிட்ட சந்தனப் பாத்திரத்தைப் பிண்டோல பாரத்வாஜர் இருத்தியால் எடுத்து வந்தபோது, பகவான் அவரைக் கண்டித்து, அதை உடைத்துக் கண்மருந்துக்கு அரைக்கச் செய்து, மரப்பாத்திரத்தை விலக்கினார். இரும்பும் மண்ணுமே அனுமதிக்கப்பட்டவை. இல்லத்தில் பூவும் பழமும் வைக்க இது தகும். நம் பாட்டிமார் மரவையில் உப்பு வைக்கவில்லையா? வெடிப்பை அழகுக்காக விட்டுவைத்த கிண்ணத்தில் மட்டும் ஈரப் பண்டம் வேண்டாம்.