நகர்மன்றத் தீர்மானம்: வணிகர் அறிய வேண்டிய கணக்கு



கடை வாடகையை உயர்த்தி நோட்டீஸ் வந்த பிறகுதான் நகர்மன்றம் என்று ஒன்று இருப்பதே நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஒரு முறை அப்படி ஒரு நோட்டீசை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்ச் சந்தைக் கடைக்காரர்கள் வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனோம். "நான் அன்றைக்கே எதிர்த்துப் பேசினேனே அண்ணாச்சி" என்றார். அவர் பேசியது உண்மைதான்; கேட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் மன்ற நடவடிக்கைப் புத்தகத்தில் அந்தப் பொருளுக்கு நேரே ஒரே சொல்தான் இருந்தது: 'அனுமதிக்கப்பட்டது'. யார் எதிர்த்தார், எத்தனை பேர் எதிர்த்தார் என்று ஒரு வரிகூட இல்லை.

வாய்க்கணக்கு எவ்வளவு சொன்னாலும் பேரேட்டில் ஏறாதது கணக்காகாது. இது நமக்குத் தெரிந்த பாடம். மன்றத்துக்கும் அதே பாடம்தான்.

1. கூட்டத்துக்கு முன்பே தொடங்கும் வேலை

மன்றக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே பொருள் நிரல் கவுன்சிலர்களுக்கு அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே 'அலுவலகக் குறிப்பு' இருக்கும். என்ன உயர்வு, எந்த அரசாணைப்படி, எந்தத் தேதி முதல் என்பதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கும். கூட்டத்தில் பெரும்பாலும் பொருளின் எண்ணை மட்டும் வாசித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். ஆகவே படிக்க வேண்டிய நேரம் கூட்டத்துக்கு முந்தைய நாட்களே.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று, நிரலில் இல்லாமல் கூட்ட நாளன்று வைக்கப்படும் மேசைப் பொருள். மற்றொன்று, வேலையை முடித்துவிட்டு மன்றத்தின் 'பின்னேற்பு' கேட்டு வரும் பொருள். இவ்விரண்டிலும் நமக்கு மனுக் கொடுக்கும் அவகாசம் கிடைப்பதில்லை.

2. பெரும்பான்மை எதில் பாதி?

மன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் பாதிக்கு மேல் கை தூக்கினால்தான் தீர்மானம் நிறைவேறும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணத் தீர்மானங்களுக்கு அப்படி இல்லை. கூட்டத்துக்கு வந்து வாக்களித்தவர்களில் எந்தப் பக்கம் அதிகமோ அதுவே முடிவு. சமமாக நின்றால் தலைமை வகிப்பவர் தம் வாக்குக்கு மேல் இன்னொரு வாக்கும் அளித்து முடிவு செய்வார்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 36 கவுன்சிலர்கள் உள்ள ஒரு நகராட்சியில் 24 பேர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சந்தை வாடகை உயர்வை 13 பேர் ஆதரிக்கிறார்கள். 11 பேர் எதிர்க்கிறார்கள். தலைவர் ஆதரவுப் பக்கம். ஒருவர் மனம் மாறினால் 12-க்கு 12 ஆகும்; தலைவரின் இரண்டாவது வாக்கால் தீர்மானம் பிழைக்கும். இருவர் மனம் மாறினால் 11-க்கு 13 ஆகித் தீர்மானம் தோற்கும். நம் கடை வாடகை அந்த இருவர் கையில் இருக்கிறது.

இப்போது எதிர்த்த 11 பேரும் கோபத்தோடு வெளிநடப்பு செய்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் படம் வருகிறது. உள்ளேயோ 13 பேர் மட்டும் மீதி. எதிர்ப்பு ஒன்றும் இல்லை. புத்தகத்தில் 'ஒருமனதாக நிறைவேறியது' என்று எழுதினாலும் அது பொய்யாகாது. 2022-இல் தமிழ்நாட்டில் சொத்து வரி உயர்வுத் தீர்மானங்கள் மன்றங்களுக்கு வந்தபோதும் பல ஊர்களில் வெளிநடப்பு நடந்தது. வெளிநடப்பு செய்தியாகலாம், வாக்கு ஆகாது.

3. நெல்லை தரும் பாடம்

மன்றத்துக்குள் எத்தனை கருத்து இருக்கிறது என்பதை அறிய 2024-ஆம் ஆண்டின் திருநெல்வேலி மாநகராட்சி நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 55 வார்டுகள். மேயருக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்காக ஜனவரி 12-இல் கூட்டம் கூட்டப்பட்டது. கவுன்சிலர்கள் வரவில்லை, தீர்மானம் தோற்றது. ஜூலையில் அந்த மேயரே பதவி விலகினார். ஆகஸ்ட் 5-இல் புதிய மேயருக்கான மறைமுகத் தேர்தல் நடந்தது. போட்டியிட்ட இருவரும் ஒரே கட்சியினர். பதிவான 54 வாக்குகளில் கட்சி நிறுத்தியவருக்கு 30, எதிர்த்து நின்றவருக்கு 23, செல்லாதது ஒன்று.

இதில் யார் சரி, யார் தவறு என்பது நம் வேலையல்ல. வாக்குச் சீட்டில் இரகசியமாக எழுதச் சொன்னபோது 23 பேர் வேறு பக்கம் நின்றார்கள் என்பதே நாம் பார்க்க வேண்டியது. ஒரே கட்சி பெரும்பான்மையாக இருக்கும் மன்றத்திலும் எல்லோரும் ஒரே மனத்தினர் அல்லர். 'ஆளும் தரப்பு முடிவு செய்துவிட்டது, இனி யாரிடம் பேசி என்ன பயன்' என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது.

4. மன்றத்தால் முடியாதவை

தீர்மானம் என்றால் வானத்தையே வளைக்கலாம் என்பதும் தவறு. தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் கை தூக்கினாலும் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் விதிக்க முடியாது. அரசியலமைப்பின் 276-ஆவது பிரிவு போட்ட வரம்பு அது. மன்றத் தீர்மானத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. மறுபுறம், அரசாணைப்படி வரும் உயர்வை ஒரு மன்றம் மட்டும் மறுத்துவிடுவதும் எளிதல்ல. ஆகவே ஒரு கட்டணம் உயர்ந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது மன்றத்தின் முடிவா, மேலிருந்து வந்த ஆணையா? இது தெரியாமல் கொடுக்கும் மனு தவறான கதவைத் தட்டும்.

நகராட்சி, மாநகராட்சிகளுக்கு இப்போது நடைமுறையில் இருப்பது 1998-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். அது 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. நோட்டீசில் பழைய சட்டத்தின் பிரிவு குறிக்கப்பட்டிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

5. நாம் செய்ய வேண்டியவை

அ. மாதந்தோறும் பொருள் நிரலை வாங்கிப் படிக்கச் சங்கத்தில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். கடை, சந்தை, உரிமம், வரி என்ற சொற்கள் வரும் இடங்களில் கோடு போடட்டும்.

ஆ. கூட்டத்துக்கு முன்பே மனுவைக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். எத்தனை கடை, இன்றைய வாடகை என்ன, உயர்ந்தால் என்ன என்று கணக்கோடு எழுதுங்கள். மனம் மாறக்கூடிய அந்த இரண்டு பேருக்குக் கோஷத்தைவிடக் கணக்கே உதவும்.

இ. நமக்காகப் பேசும் கவுன்சிலரிடம் மூன்றே வேண்டுகோள்: வெளியே போகாதீர்கள், வாக்கெடுப்புக் கேளுங்கள், உங்கள் எதிர்ப்பைப் பெயரோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். முடியாவிட்டால் பொருளை ஒத்திவைக்கவாவது கேட்கட்டும்.

ஈ. கூட்டம் முடிந்ததும் தீர்மான நகலைப் பெறுங்கள். தர மறுத்தால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். நாளை மேல்முறையீட்டுக்கோ நீதிமன்றத்துக்கோ போக நேர்ந்தால், கையில் இருக்க வேண்டிய முதல் காகிதம் அதுதான்.

எங்கள் சந்தையில் அந்த நோட்டீசின்படியே வாடகை கட்டி வருகிறோம். அன்று எதிர்த்துப் பேசிய கவுன்சிலர் நல்லவர். இன்றும் நம் கடையில்தான் மளிகை வாங்குகிறார். ஆனால் அவர் பேச்சு அன்று புத்தகத்தில் ஏறவில்லை. அடுத்த கூட்டத்தின் பொருள் நிரல் எப்போது வருகிறது என்று இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.