ஏடும் நினைவட்டையும்

கெடில நதிக்கரையில் உள்ள திருவதிகை, நாவுக்கரசர் தம் முதற் பதிகத்தைப் பாடிய ஊர் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. அப்பதிகமும் மூவர் பாடிய பிற பதிகங்களும் பின்னாளில் தில்லைக் கோயிலின் ஓர் அறையுள் பூட்டிக் கிடந்தன என்றும், அரசனும் நம்பியாண்டார் நம்பியும் அவ்வறையைத் திறப்பித்தபோது ஏடுகளின்மேற் கறையான் புற்று எழுந்திருந்தது என்றும், எண்ணெய் சொரிந்து புற்றை நீக்கி எஞ்சியவற்றையே எடுத்தனர் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். இன்று நம் கைக்கு எட்டியவை ஏறத்தாழ 800 பதிகங்களே. இதனைச் சமய வரலாறாகக் கொள்வார் அங்ஙனமே கொள்க. நூற்பிரதிகளை ஆராயும் மாணவனுக்கோ, ஒரு நூல் ஓரிடத்தில் மட்டும் இருந்தமையால் விளைந்த கேட்டின் கதையாகவும் இது தோன்றும்.

இதற்கு மறுதலையான செய்தி ஒன்றும் உண்டு. சம்பந்தர் பாடிய திருவிடைவாய்ப் பதிகம் ஏட்டுப் பிரதிகளிற் காணப்படாதிருந்து, 1917-ஆம் ஆண்டில் அவ்வூர்க் கோயிற் கல்வெட்டினின்று கண்டெடுக்கப்பெற்றது. பனையோலையில் அழிந்தது கருங்கல்லில் இருந்தது. யாரோ ஒருவர் அப்பதிகத்தை வேறொரு பொருளின்மேல், வேறோர் இடத்தில், மீண்டும் ஒரு முறை எழுதுவித்தமையின் பயன் அஃது.

ஏட்டைப் பற்றிப் பேசப் புகுந்தவன் மெமரி கார்டு எனப்படும் நினைவட்டைக்கு வருவது எங்ஙனம் எனின், கூறுவேன். நம் வகுப்பு மாணவர் அதிகைக்கும் சிதம்பரத்திற்கும் சென்று கல்வெட்டுக்களைப் படம் எடுக்கின்றனர். நாற்று நடும் பெண்டிர் பாடும் பாடல்களைக் கைப்பேசியிற் பதிவு செய்கின்றனர். இவையெல்லாம் விரல்நகம் அளவேயுள்ள ஓர் அட்டையில் அடங்குகின்றன. அதனினின்று கணினிக்கு மாற்றப்படுகின்றன. முன்னோர் ஏடு பெயர்த்து எழுதினர். நாம் கோப்பினைப் பெயர்க்கின்றோம். இடர் நேர்வது இரண்டிடத்தும் பெயர்க்கும் வேளையிலேதான்.

நினைவட்டையினுள் இருப்பது ‘பிளாஷ்’ என்னும் வகை நினைவகம். இதனை 1980-களில் ஜப்பானில் தோஷிபா நிறுவனத்திற் பணியாற்றிய புஜியோ மசுவோகா என்பார் கண்டறிந்தார். மிக நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தைச் சிறைப்படுத்தி வைத்தலே இதன் தத்துவம். மின்சாரம் நின்ற பின்னும் அவ்வேற்றம் நிற்கும். ஆயினும் என்றும் நில்லாது; பல்லாண்டு பெட்டியிற் கிடந்தால் சிறிது சிறிதாகக் கசியும். எழுதி அழித்து எழுதுவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆதலின் அட்டை கொண்டுசெல்லும் கலமேயன்றிச் சேமிக்கும் களஞ்சியம் அன்று.

எஸ்.டி. எனப்படும் அட்டை 1999-இல் தோன்றியது. 32 ஜிகாபைட் வரை கொள்ளும் எஸ்.டி.எச்.சி. 2006-இலும், 2 டெராபைட் வரை கொள்ள வகுக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. 2009-இலும் வந்தன. உருவத்தால் மூன்றும் ஒன்றே. அதனாலேயே பலர் மயங்குவர். பழைய கார்டு ரீடர் புதிய அட்டையைப் படிக்க மாட்டாது. அப்போது சில கணினிகள், ‘இவ்வட்டையை பார்மட் செய்யலாமா?’ என்று பணிவுடன் வினவும். அப்பணிவைக் கண்டு இசைதல் கூடாது. இசைந்தால் கோப்புக்களின் அட்டவணை துடைக்கப்பட்டுவிடும். அட்டையை எடுத்துப் பிறிதொரு ரீடரில் இட்டுப் பார்த்தலே முறை.

கைப்பேசியைக் கம்பியால் இணைத்து மாற்றுவோர், திரையில் ‘கோப்பு மாற்றம்’ என்னும் முறையைத் தேர்ந்துகொள்ளல் வேண்டும். இல்லையேல் மின்னேற்றம் மட்டுமே நிகழும். சில மலிவான கம்பிகளில் மின்னேற்றத்திற்குரிய இழைகளே உள; செய்தி செல்லும் இழைகள் இல. கணினி பழுதென்று அரைநாள் வருந்துவதற்கு முன் கம்பியை மாற்றிப் பார்க்க.

இனி முதன்மையான செய்தி. கோப்பினை ‘வெட்டி ஒட்டுதல்’ வேறு, ‘நகலெடுத்து ஒட்டுதல்’ வேறு. நம் விடுதி மாணவர் ஒருவர் பண்ணுருட்டிப் பக்கத்துத் தம் பாட்டியார் பாடிய நடவுப் பாடல்களை ஒரு பிற்பகல் முழுதும் பதிவு செய்துவந்து, இடம் போதவில்லை என்று அவசரமாக வெட்டி ஒட்டினார். இடையில் இணைப்பு அறுந்தது. பன்னிரண்டு பதிவுகளில் மூன்று அட்டையிலும் இல்லை; கணினியில் இருந்தவையோ திறக்கவில்லை. பாட்டியார் நலமாகவே உள்ளார். ஆயினும் அம்மூன்று பாடல்களுள் இரண்டு இப்போது அவர்க்கு முழுமையாக நினைவுக்கு வரவில்லை.

நகலெடுத்தபின்னும் உடனே மூலத்தை அழித்தல் தகாது. எத்தனை கோப்பு, எவ்வளவு பைட் என்று இருபுறமும் ஒப்பிடுக. சிலவற்றைத் திறந்து, முதலும் நடுவும் இறுதியும் கேட்டுப் பார்க்க. உ. வே. சாமிநாதையர் சிந்தாமணியையும் (1887) புறநானூற்றையும் (1894) பதிப்பித்தபோது பல பிரதிகளை ஒப்பு நோக்கிய உழைப்பினை நினைந்தால் இஃது ஒரு வேலையே அன்று. பின்னர் அட்டையைப் பாதுகாப்பாக வெளியேற்றும் ஆணையைத் தந்தே பிடுங்குக. எழுதி முடித்ததுபோற் கணினி காட்டினும், உள்ளே சில எழுத்துக்கள் காத்துக் கிடத்தல் கூடும். தவறிக் கோப்பினை அழித்தவர் அவ்வட்டையில் மேலும் ஒன்றும் பதியாதிருத்தல் வேண்டும். பெரும்பாலும் அழிவது அட்டவணைக் குறிப்பே. மேலெழுதாத வரை உள்ளுறை மீட்கப்படலாம்.

கல்வெட்டுப் படங்களை வாட்ஸ்அப் வழியே படமாக அனுப்புவோர்க்கு ஒரு சொல். அது படத்தைச் சுருக்கியே அனுப்பும். முகப்படத்திற்கு அதனாற் கேடில்லை. தேய்ந்த கல்லில் ரகரமோ காலோ என்று ஐயுறும் இடத்தில் பெருங்கேடு. ஏடு எழுதினோர் ஓலை கிழியும் என்று அஞ்சிப் புள்ளியிடாது விட்டமையால் நாம் இன்றும் இடர்ப்படுகின்றோம். அவர்க்குக் காரணம் இருந்தது. ஆவணமாக இணைத்து அனுப்பினாற் சுருக்கமின்றிச் செல்லும் என்று அறிந்த நமக்கு அதுவும் இல்லை.

தட்டச்சு செய்த பழைய கோப்புக்களில் வேறொரு தொல்லை உண்டு. பாமினி போன்ற எழுத்துருவில் அமைந்தவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியிற் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். தமிழக அரசு 2010-இல் யூனிகோடு முறையை ஏற்றது. பழையன கையில் உள்ளோர் அதற்கு மாற்றி வைத்தல் நன்று. மாற்றியபின் மூலத்தையும் எறியாதிருத்தல் அதனினும் நன்று.

கலமும் மூக்கும். கடலூருக்கு வடக்கே புதுச்சேரியில், பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனமும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியும் 2007-இல் தேவாரம் முழுவதையும் ஒரு குறுந்தகட்டில் வெளியிட்டன. அரிய பணி. ஆனால் இன்று மாணவர் வாங்கும் மடிக்கணினிகளிற் பெரும்பாலானவற்றில் குறுந்தகடு இடும் வாயிலே இல்லை. தகடு கெடாமலே தகட்டைப் படிக்கும் கருவி மறைகின்றது. நினைவட்டைக்கும் இந்நிலை வருதற்கு நெடுங்காலம் ஆகாது.

எத்தனை நகல் வேண்டும் என்று வினவுவார்க்கு, இரண்டேனும் வேண்டும், அவை ஓரறையில் இருத்தல் ஆகாது என்பேன். 2011 திசம்பர் 30-இல் தானே புயலும், 2015-இன் இறுதியில் பெருவெள்ளமும் கடலூரைத் தாக்கின. மேசைமேல் இருக்கும் கணினியும் மேசையறையுள் இருக்கும் அட்டையும் ஒரே வெள்ளத்தில் நனையும். ஒன்று விடுதியில் இருப்பின் மற்றொன்று வேற்றூரில் இருக்கட்டும். வலைவழிச் சேமிப்பும் வேற்றூரே.

பெயரிடுதலைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். ஏடு எழுதி முடித்தோர் ஆண்டு, திங்கள், நாள், எழுதினோன் பெயர் ஆகியவற்றை இறுதியிற் குறிப்பது வழக்கம். நம் கருவியோ ஐ.எம்.ஜி. 0412 என்று எண்ணிட்டு அமைகின்றது. கோயில், சுவர், வரிசை, நாள், எடுத்தவர் என்று அன்றிரவே மாற்றி எழுதினால், பத்து நிமிடத்தில் முடியும். மூன்று திங்கள் கழித்து, நானூறு சுவர்ப் படங்களுள் அதிகையின் வடசுவர் எது, தில்லையின் மேலைச் சுவர் எது என்று தேடுதற்கு ஒரு விடுமுறை முழுதும் வேண்டும்.