வீட்டிலேயே சால்டரிங் பழகுவோம்



தேர்வு முடிந்து விடுமுறையில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு, ஆணாயினும் பெண்ணாயினும், சால்டரிங் பழக்கிக் கொடுப்போம். மொபைல், டிவி, இன்வெர்ட்டர் எதைப் பழுது பார்ப்பதற்கும் இந்தக் கைப்பழக்கம் வேண்டும்.

தொடங்குவதற்கு ஏற்றது, எல்இடி விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் சிறிய கிட். இதில் வேலை செய்வது 555 என்ற எட்டுக்கால் ஐசி. 1972-ல் விற்பனைக்கு வந்த இது இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. அதோடு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு கோடுகள்), எல்இடிக்கு 470 ஓம் ஒன்று (மஞ்சள், ஊதா, பழுப்பு), 47 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், 9 வோல்ட் பேட்டரி இருந்தால், விளக்கு ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை சிமிட்டும்.

ரெசிஸ்டரை எப்படித் திருப்பியும் போடலாம். மற்றவற்றுக்குத் திசை உண்டு. எல்இடியின் நீளமான கால் பிளஸ். கெபாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். ஐசியின் பள்ளம் போர்டில் அச்சிட்ட பள்ளத்தோடு பொருந்த வேண்டும். உயரம் குறைந்த பாகங்களை முதலில் பொருத்துங்கள்.

25 வாட் அயர்ன் போதும். சூடேறியதும் முனையை ஈரப் பஞ்சில் துடையுங்கள். அது பாகத்தின் காலையும் போர்டின் செம்பு வளையத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இரண்டு நொடி கழித்து, ஈயக் கம்பியைச் சூடான காலில் வையுங்கள். உருகிப் பரவியதும் முதலில் கம்பியை எடுங்கள், பிறகு அயர்னை. ஊதாதீர்கள், ஆட்டாதீர்கள்.

நாங்கள் பழகிய புதிதில் ஈயத்தை அயர்னில் உருக்கிச் சொட்டவிட்டோம். செம்பு சூடாகாவிட்டால் ஈயம் பிடிக்காது. உருண்டையாக மேலே உட்கார்ந்திருக்கும். இதையே 'டிரை சால்டர்' என்பார்கள். அன்றைக்கு விளக்கு எரியும். சில நாளில் நின்றுவிடும்.

நாளை இதே பிள்ளை கூலி வாங்கிப் பழுது பார்க்கும்போது, போர்டின் உள்ளே இருப்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. அல்லாஹ்வுக்குத் தெரியும். நம்பித் தந்த பொருள் அமானிதம். ஆகவே பேட்டரியை இணைக்குமுன் ஒவ்வொரு பற்றையும் பாருங்கள். சிறு குன்றுபோல் சரிந்து பளபளத்தால் நல்லது. உருண்டையாகவோ மங்கலாகவோ இருந்தால் மீண்டும் சூடாக்கிச் சிறிது ஈயம் சேருங்கள். பக்கத்துப் பற்றோடு ஒட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள்.

முனை 300 டிகிரிக்கு மேல் கொதிக்கும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். சன்னலைத் திறந்து வையுங்கள். காலை வெட்டும்போது கண்ணாடி அணியுங்கள். ஈயம் நஞ்சு, குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குங்கள். முதல் போர்டு எரியாவிட்டால் பிள்ளையைத் திட்டாதீர்கள். பற்றுகளை ஒவ்வொன்றாக மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், தவறு அதன் கண்ணிலேயே படும்.