நான்கு சாலைகளும் இரண்டு கோடுகளும்

திண்டிவனத்திலிருந்து சென்னை, செஞ்சி, விழுப்புரம், புதுச்சேரி ஆகிய ஊர்களுக்குச் சாலைகள் பிரிகின்றன. சாலைகள் வளைந்து செல்பவை. எனினும் தாளில் அவற்றை இரண்டு நேர்கோடுகளாக வரைவோம். சென்னை–விழுப்புரம் ஒரு கோடு. செஞ்சி–புதுச்சேரி மற்றொரு கோடு. அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே திண்டிவனம்.

சென்னைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட கோணம் 110° என்க. இதுவும், செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட கோணமும் சென்னை–விழுப்புரம் கோட்டின் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து உள்ளன. இவை நேரிய கோண இணை, கூடுதல் 180°. ஆகவே இரண்டாவது கோணம் 70°.

இந்த 70° கோணம், செஞ்சி–புதுச்சேரி கோட்டின் மீது விழுப்புரம்–புதுச்சேரி கோணத்துடனும் நேரிய இணையாகிறது. எனவே அக்கோணம் 180° − 70° = 110°. முதற்கோணமும் அதுவே அல்லவா? எதிரெதிரான இவையே குத்தெதிர்க் கோணங்கள். பெயரில் 'குத்து' இருப்பதால் கோடுகள் செங்குத்தாக நிற்கவேண்டும் என்பதில்லை.

110°க்குப் பதில் எந்த அளவை எடுத்தாலும், 180°யிலிருந்து ஒரே கோணத்தைக் கழித்தே இரண்டையும் பெறுகிறோம். ஆகவே அவை எப்போதும் சமம். யூக்ளிடின் 'மூலங்கள்' நூலின் முதற்புத்தகத்தில் இது 15-ஆம் தேற்றம்.

இனி விழுப்புரம் இரயில் சந்திப்புக்கு வாருங்கள். சென்னை, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரி, திருவண்ணாமலை என ஐந்து திசைகளில் பாதைகள் பிரிகின்றன. ஒரு புள்ளியிலிருந்து ஐந்து கதிர்களாக இவற்றை வரையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேர் எதிரே மற்றொன்று அமையுமா? அமையாது; ஐந்து ஒற்றைப்படை எண். ஒரு கதிராவது துணையின்றி நிற்கும். அக்கதிரைப் பக்கமாகக் கொண்ட கோணத்துக்குக் குத்தெதிர்க் கோணம் கிடையாது. கோணங்களைச் சமம் என எழுதுமுன், கோடுகள் புள்ளியைக் கடந்து நேராகச் செல்கின்றனவா என்று பாருங்கள்!