தரவுத்தளச் செயல்முறைகளில் பிழையை எப்போது பிடிப்பது?

தரவுத்தளத்துக்குள்ளேயே சேமித்து வைத்துப் பெயர் சொல்லி அழைக்கப்படும் நிரலான ஸ்டோர்டு புரொசீஜரில், அதாவது செயல்முறையில், உள்ள பிழை, அந்நிரலைத் தரவுத்தளம் பதிவுசெய்யும் தொகுப்பு நேரத்தில் வெளிப்படலாம். அல்லது பிழையுள்ள வரி உண்மையில் செயல்படும் இயக்க நேரம்வரை மறைந்தே இருக்கலாம். எந்தப் பிழையை எந்த நேரத்துக்கு விடுவது என்பதில் தரவுத்தளங்கள் பெரிதும் வேறுபடுகின்றன.

ஆரக்கிளின் பிஎல்/எஸ்கியூஎல் மொழி கண்டிப்பானது. நேரடியாக எழுதப்பட்ட வினவல் ஒன்று இல்லாத அட்டவணையையோ நெடுவரிசையையோ சுட்டினால், செயல்முறை ‘செல்லாதது’ என்ற நிலையில்தான் பதிவாகும். காரணம் வரி எண்ணோடு கிடைக்கும். செயல்முறை பயன்படுத்தும் நெடுவரிசை பின்னாளில் நீக்கப்பட்டாலும் தரவுத்தளமே அச்செயல்முறையைச் செல்லாததாகக் குறித்து, அடுத்த அழைப்பில் மீண்டும் தொகுக்க முயல்கிறது. நீண்டகாலம் பலர் கைபடும் நிரலுக்கு இதைவிட நல்ல காவல் அரிது.

எஸ்கியூஎல் சர்வர், பெயர்களைத் தேடிப் பொருத்துவதை ஒத்திவைக்கிறது: அட்டவணை இருந்து நெடுவரிசை மட்டும் இல்லையெனில் உருவாக்கும்போதே மறுக்கும், அட்டவணையே இல்லையெனில் மறுக்காமல் ஏற்றுக்கொள்ளும். செயல்முறைக்குள்ளேயே தற்காலிக அட்டவணை உருவாக்குவோருக்கு இது வசதி. ஆனால் அட்டவணைப் பெயரில் விழுந்த எழுத்துப்பிழையும் அதே வாசல் வழியாக நுழைந்துவிடும். அவ்வாறு இயக்கத்தின்போது எழும் பெயர்ப்பிழையை, அதே செயல்முறையில் எழுதிய ட்ரை-கேட்ச் பகுதியால் பிடிக்கவும் இயலாது என்பது பலரும் எதிர்பாராதது.

போஸ்ட்கிரெஸின் பிஎல்/பிஜிஎஸ்கியூஎல் இலக்கணத்தை மட்டுமே முன்கூட்டிச் சரிபார்த்து, பெயர்களை அந்தந்த வாக்கியம் முதன்முறை இயங்கும்போது தேடுகிறது. ஆண்டிறுதியில் மட்டும் இயங்கும் கிளையில் உள்ள பிழை, ஆகவே, ஆண்டிறுதியில்தான் தெரியவரும். 2021இல் வந்த 14ஆம் பதிப்பு, எளிய எஸ்கியூஎல் மொழியில் எழுதும் செயல்முறைகளுக்கு, பதிவின்போதே பெயர்களைச் சரிபார்க்கும் ‘பிகின் அட்டாமிக்’ வடிவத்தைத் தந்தது. தருக்கம் அனுமதிக்குமிடத்தில் அதையே தேர்வது நல்லது.

மாதந்தோறும் பெயர் மாறும் அட்டவணையைப் போல, சுட்டப்படுவது இயங்கும்போதுதான் தெரியும் என்றால், வினவலைச் சரமாகக் கோத்து இயக்குவதைத் தவிர வழியில்லை. அப்போது ஆரக்கிளின் கண்டிப்பும் பயன்படாது. ஒவ்வொரு கிளையையும் இயக்கிப் பார்க்கும் சோதனைகளே காவல். ஆகையால் அத்தகைய பகுதியைச் சிறு செயல்முறையாகப் பிரித்து, எஞ்சியதை நேரடி வினவல்களாகவே வைத்திருப்பது தகும். போஸ்ட்கிரெஸில் அந்த எஞ்சிய பகுதியைப் பிஎல்பிஜிஎஸ்கியூஎல்_செக் என்னும் நீட்சியால் ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் சோதிக்கலாம். செயல்முறைக்குள் உருவாகும் தற்காலிக அட்டவணைகளை மட்டும் அது இல்லாதவையெனக் காட்டக்கூடும்.