சட்டென்று முடித்துவிடும் மாணவருக்கு...
ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள்

* பத்துக் கணக்கையும் ஐந்தே நிமிடத்தில் போட்டவருக்கு அதே மாதிரி இன்னும் பத்து கொடுக்காதீர்கள், அது தண்டனை. யோசிக்க வைக்கும் ஒன்றே போதும்: '1 முதல் 100 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையை ஒவ்வொன்றாகக் கூட்டாமல் கண்டுபிடி.' 1+100, 2+99 என்று ஜோடி சேர்த்து 5,050-க்கு வந்துவிட்டால், '1 முதல் 99 வரை?' என்று கேளுங்கள்.

* புதுப் பாடம் தொடங்குமுன் அதிலிருந்து நாலைந்து கேள்விகள் கேட்டுப் பாருங்கள். தெரிந்த பகுதியை விட்டுவிட்டு, அந்த நேரத்தில் சிறு செயல்திட்டம் ஒன்றைச் செய்யச் சொல்லலாம்.

* கணக்கில் மட்டும் முந்துபவரை அந்தப் பீரியடுக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்கார வைக்கலாம்.

* மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் வேலையை எப்போதும் அவர் தலையிலேயே கட்டாதீர்கள். அவரும் படிக்க வந்தவர்தான்.

* மதிப்பெண் சுமாராக இருந்தாலும் ஓயாமல் கேள்வி கேட்கும் பிள்ளையிடமும் திறமை ஒளிந்திருக்கலாம்.

* அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் 8-ஆம் வகுப்பு மாணவர்களை என்.எம்.எம்.எஸ். (தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகை) தேர்வு எழுத வையுங்கள். குடும்ப வருமான வரம்பு உண்டு. தேர்வானால் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை.