முரசும் சலரோகமும்: இரு பக்கக் கணக்கு



பல் போனால் சொல் போச்சு என்பார்கள் எம் ஊரில். பல்லோடு போவது சொல் மாத்திரமல்ல. இங்கிலாந்தில் வாழும் எம்மவரிடையே சலரோகம் (நீரிழிவு) அதிகம். தெற்காசியருக்கு இரண்டாம் வகைச் சலரோகம் வரும் சாத்தியம் வெள்ளையரிலும் 2 முதல் 4 மடங்கு கூடுதலாகும். அந்த நோய்க்கும் எமது முரசுக்கும் (ஈறு) நெருங்கிய தொடர்பு உண்டு.

முரசு நோய் எப்படி உண்டாகிறது?

பல்லின் அடியில் படியும் அழுக்குப் படலத்தில் பற்றீரியாக்கள் பெருகுகின்றன. துலக்காமல் விட்டால் அது காறையாக இறுகிவிடும். முரசு சிவந்து வீங்கி, பல் துலக்கும்போது இரத்தம் கசியும். பின்னர் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும். பெரும்பாலும் நோவு இராது. ஆகவே பலரும் கவனிப்பதில்லை. புகைப்பவர்களுக்கு இரத்தக் கசிவும் குறைவாக இருப்பதால் நோய் மறைந்தே வளரும்.

சலரோகத்துடன் என்ன தொடர்பு?

கணக்கியலில் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரு பக்கங்களில் பதியப்படும். இதுவும் அப்படியே. இரத்தத்தில் சீனி கூடினால் கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறைந்து முரசு பழுதடைகிறது. மறுபக்கத்தில், முரசின் அழற்சியால் உண்டாகும் பொருட்கள் இரத்தத்தில் கலந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கின்றன. சீனி மேலும் கூடுகிறது.

2022 இல் கொக்ரேன் நிறுவனம் 35 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தது. முரசுக்குச் சிகிச்சை பெற்ற சலரோகக்காரரின் எச்.பி.ஏ.1சி அளவு 3, 4 மாதங்களில், சிகிச்சை பெறாதோரிலும் சராசரியாக 0.43 சதவீதப் புள்ளி குறைவாக இருந்தது. இது சிறிய இலாபமல்ல. ஆனால் மாத்திரையை நிறுத்தலாம் என்பது இதன் பொருளல்ல. இருதய நோய் உள்ளவர்களிடமும் முரசு நோய் அதிகம் காணப்படுகிறது. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. ஃபுளோரைட் உள்ள பற்பசையால் நாளுக்கு இரு தடவை, 2 நிமிடம் துலக்குங்கள். இரவில் படுக்குமுன் துலக்குவது கட்டாயம். துப்பியபின் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டாம்.
2. பல்லிடுக்குகளைச் சிறிய பிறஷினால் நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள்.
3. சலரோகம் இருப்பதையும், உட்கொள்ளும் மருந்துகளையும் பல் வைத்தியரிடம் சொல்லுங்கள். செயற்கை இருதய வால்வு உள்ளவர்கள் அதையும் அவசியம் சொல்ல வேண்டும்.
4. வெற்றிலை பாக்கைக் கைவிடுங்கள். புகையிலை சேராத வெற்றிலை பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்துள்ளது.

செலவு பற்றி

வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊருக்கு அனுப்பும் பணம் என்று பட்டியல் போடும்போது பல் வைத்தியம் எம்மவருக்குக் கடைசி வரிக்குப் போய்விடுகிறது. இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோர், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்று ஒரு வருடம் கடவாத தாய்மார் ஆகியோருக்கு என்.எச்.எஸ். பல் சிகிச்சை இலவசம். வருமானம் குறைந்தவர்கள் எச்.சி.1 பத்திரத்தை நிரப்பி உதவி கோரலாம். முழு உதவிக்குத் தகுதியானவர்களுக்கு எச்.சி.2 சான்றிதழ் கிடைக்கும்.

அடுத்த முறை சலரோகப் பரிசோதனைக்குத் திகதி எடுக்கும் அன்றே, பல் வைத்தியரிடமும் ஒரு திகதி கேட்டு வையுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் சேர்த்தே கேளுங்கள்.